கையேட்டில் இல்லாத புழு: 2018 மக்காச்சோளப் படைப்புழு, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளக் குருத்தைக் குதறித் தின்னும் ஒரு புழு பூச்சியியலாளர்களின் கண்ணில் பட்டது. அங்குள்ள வேளாண், தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகத்தினர் புழுக்களைப் பிடித்து வந்து வளர்த்தார்கள். வெளிவந்த அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து, மரபணு வரிசையையும் ஒப்பிட்ட பிறகு, அது ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா, அதாவது படைப்புழு, என்று உறுதி செய்தார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கு உரிய பூச்சி அது. 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கி, இரண்டே ஆண்டுகளில் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியிருந்தது. ஆசியாவில் அதுவரை பதிவே இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஜூலை இறுதியில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் என்று தமிழ்நாட்டின் மக்காச்சோளப் பகுதிகள் எங்கும் படைப்புழுப் பேச்சாகவே இருந்தது. இலங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ‘சேனா’ என்று பெயர் பெற்றது.

இந்தப் பூச்சியால் ஏற்பட்ட சேதம் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு சின்னப் பகுதியை மட்டும்: அந்த ஐப்பசியில் பெரம்பலூர் மாவட்டத்து மானாவாரிக் காடு ஒன்றிலிருந்து கைப்பேசியில் வந்த சில படங்கள். அவற்றை வைத்து ‘இது எந்தப் புழு’ என்ற கேள்விக்கு எப்படிப் பதில் தேடினோம், எது உதவியது, எது உதவாது என்பதுதான் இந்தப் பதிவு. புழுக்களைப் படம் பிடித்துப் பெயர் தேடும் ஆர்வம் இப்போது தமிழ்நாட்டில் பலருக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு இந்த வழக்கு பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி வந்த விதம்

காடு என் மாமாவுடையது. புரட்டாசியில் விதைத்த பயிர், முழங்கால் உயரம். அவர் போனில் சொன்னது இது: “மாப்ள, மருந்துக் கடையில காட்டுனேன். புரோடீனியாதான், வழக்கமா அடிக்கிறதையே அடிங்கன்னு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. கடலையில எத்தன வருசமா புரோடீனியா பாத்திருக்கேன். இது குருத்துக்குள்ளயே குடியிருக்குது.”

கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார். குருத்துக்கு மேலே கையை நீட்டி எடுத்தது. மரத்தூளை நனைத்துப் போட்டது போல எச்சம் குவிந்திருந்தது. அதன் நடுவே பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு முதுகு. அவ்வளவுதான் தெரிந்தது.

கடைக்காரர் சொன்னதிலும் ஓர் அடிப்படை உண்டு. புரோடீனியா என்று நம் ஊர்க் கடைகளில் சொல்லப்படும் ஸ்போடாப்டெரா லிட்டுராவும் புதிதாக வந்த படைப்புழுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே மயிர்ப் போர்வை போர்த்திவிடும். பெயர் மாறினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். முழுகித்தான் போகும். மாமா வரப்போரம் நட்டிருந்த இனக்கவர்ச்சிப் பொறி கடலைக்காக வாங்கியது. அதில் இருந்தது லிட்டுராவின் ஆண் பூச்சியை இழுக்கும் மணம். ஃப்ரூஜிபெர்டாவின் பெண் பூச்சி வெளியிடும் மணக்கலவையே வேறு. ஆகவே பொறி காலியாகக் கிடக்கும்; காட்டில் அந்து இல்லை என்று விவசாயி நினைத்துக்கொள்வார். லிட்டுராவுக்கென்று தயாரிக்கப்படும் என்.பி.வி. நச்சுயிரிக் கரைசலும் அந்த இனத்துக்கென்றே அமைந்தது. அதை இங்கே தெளித்துப் பலனை எதிர்பார்க்க முடியாது.

கையேடு எங்கே கைவிடுகிறது

இந்தியாவில் அந்துப்பூச்சிகளுக்கான நூல் மரபு பழையது. ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை வெளியிட்ட நான்கு தொகுதிகள் இன்றும் அடித்தளம். ஆனால் அவை பெரும்பாலும் சிறகுகளைப் பற்றியவை. புழுவுக்கு ஒன்றிரண்டு வரி கிடைத்தால் அதிகம். பயிர்ப் புழுக்களுக்குத் தென்னிந்தியாவில் தனி மரபு உண்டு. கோயம்புத்தூரில் சென்னை மாகாணப் பூச்சியியலாளராக இருந்த பிளெட்சர் 1914-இல் வெளியிட்ட நூலில், புழு, கூட்டுப்புழு, அந்து மூன்றையும் சேர்த்து வரைந்த வண்ணத் தகடுகளைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு வந்த வேளாண் பாடநூல்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இவற்றில் எதைப் புரட்டினாலும் மக்காச்சோளம் என்ற தலைப்பின் கீழ் தண்டுத் துளைப்பான், இளஞ்சிவப்புத் துளைப்பான், கதிரைத் தின்னும் காய்ப்புழு, கதிர்வெட்டும் புழு ஆகியவை வரும். 2018-க்கு முன் அச்சான எந்த இந்திய நூலிலும் நம் விடை இல்லை, ஏனென்றால் பூச்சியே இங்கு இல்லை. ஒரு கையேட்டைத் திறந்து ‘இதற்கு மிக நெருக்கமாக எது இருக்கிறது’ என்று தேடினால் ஏதோ ஒரு பெயர் எப்போதும் கிடைத்துவிடும். கிடைக்கும் பெயர், அந்த நூலில் உள்ளவற்றில் நெருங்கிய பெயர். அதைத்தான் கடைக்காரரும் சொன்னார்.

கைப்பேசிச் செயலிகளின் நிலையும் இதேதான். ஏற்கெனவே பெயரிட்டு ஏற்றப்பட்ட படங்களிலிருந்துதான் அவை கற்கின்றன. ஒரு நாட்டுக்குப் புதிதாக வந்த இனத்தின் படத்தைக் கொடுத்தால், அந்த வட்டாரத்தில் வழக்கமாகப் பார்க்கப்படும் உறவுக்கார இனத்தை முன்னே தள்ளும் வாய்ப்பு அதிகம். உணவு வேளாண் அமைப்பும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018-இல் ஆப்பிரிக்க விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த நூரு செயலி வேறு வழியில் போனது. இலையில் உள்ள சேதத்தைப் பார்த்து அது முடிவு சொல்லும். புழு ஒளிந்திருந்தாலும் கடித்த தடம் வெளியே தெரியும் அல்லவா, அது நல்ல யோசனை.

ஆக, பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லி விலக்குவது, எதுவும் பொருந்தாவிட்டால் ‘இந்த நூலில் இல்லை’ என்று சொல்லத் துணிவது: இதுதான் முறை. அதற்கு ஒரு படம் போதாது.

எடுக்கச் சொன்ன படங்கள்

“மாமா, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போங்க, புழு அப்ப மேல இருக்கும். வெள்ளத்தாள்ல விட்டு, தலைக்கு நேரா ஒண்ணு, வாலுக்கு மேல நின்னு ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க. பக்கத்துல அளவுகோல் வைங்க. வெயில்ல வேண்டாம், நிழல்ல.”

புழு ஒரு நிமிடம் சும்மா இருக்காது. மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, ஐந்து பத்து நிமிடம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அசையாமல் கிடக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கைப்பேசியில் மாட்டும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. வெயிலில் எடுத்தால் தோல் பளபளத்து, பார்க்க வேண்டிய புள்ளிகள் எல்லாம் வெளிறிப்போகும். புழு கிடைத்த செடியையும், இலையில் உள்ள ஓட்டைகளையும், எச்சத்தையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். செடியின் பெயரும் புழு இருந்த இடமும் தெரியாத படத்தை வைத்துப் பெயர் சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

மறுநாள் வந்த படங்கள் அருமையாக இருந்தன. வயசானவர், நடுங்கும் கை. ஆனாலும் தலையின் படம் ஊசி முனை போலத் தெளிவு.

தலையைப் பார்த்தல்

படைப்புழு என்றாலே எல்லாரும் சொல்வது தலையில் உள்ள தலைகீழ் ‘ஒய்’ எழுத்தைத்தான். படத்தில் அது இருந்தது. கரும்பழுப்புத் தலை, அதில் நடுவே மேலிருந்து இறங்கி இரண்டாகப் பிரியும் வெளிர்க் கோடு, சுற்றிலும் வலைப்பின்னல் போன்ற நுண்கோலம்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தக் கோடு புழுவின் தலையோட்டில் உள்ள பொருத்துவாய். தோலுரிக்கும்போது தலை அங்கேதான் பிளக்கிறது. பொருத்துவாய் எல்லாப் புழுவுக்கும் உண்டு. லிட்டுராவின் தலையிலும் நல்ல வெளிச்சத்தில் ஒரு ‘ஒய்’ தெரியும். கதிர்வெட்டும் புழுவான மித்திம்னாவிலும் தெரியும். ஃப்ரூஜிபெர்டாவில் கோடு வெள்ளையாக எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ‘எடுப்பாக’ என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. அந்த ஆண்டு எத்தனையோ அப்பாவிப் புழுக்கள் இந்த ஒரே அடையாளத்தை வைத்துப் படைப்புழு ஆக்கப்பட்டன. தலையை மட்டும் காட்டும் படத்துக்குப் பெயர் சொல்ல நான் மறுத்துவிடுவேன்.

எட்டாவது கண்டம்

முடிவைத் தருவது உடலின் பின்பகுதி. அதைப் பார்க்கக் கண்டங்களை, அதாவது புழுவின் உடல் வளையங்களை, எண்ணத் தெரிய வேண்டும்.

தலைக்குப் பின்னால் மூன்று மார்புக் கண்டங்கள். கூரான உண்மைக்கால்கள் ஆறும் அங்கேதான். அதன்பின் வயிற்றுக் கண்டங்கள் பத்து. மூன்று முதல் ஆறு வரையுள்ளவற்றில் சதைப்பற்றான போலிக்கால்கள், கடைசிக் கண்டத்தில் இன்னொரு ஜோடி. பக்கவாட்டுப் படத்தில் ஒவ்வொரு கண்டத்திலும் பொட்டு வைத்தது போல ஒரு சுவாசத் துளை தெரியும். வயிற்றில் முதல் கண்டம் முதல் எட்டாவது வரைதான் அந்தத் துளை உண்டு. ஒன்பதிலும் பத்திலும் கிடையாது. ஆகவே கடைசித் துளை எங்கே இருக்கிறதோ, அதுவே எட்டாவது கண்டம். எண்ணத் தெரியாதவரும் இந்த ஒரு குறிப்பை வைத்துச் சரியான இடத்தில் பார்வையை நிறுத்தலாம்.

இனி மேலிருந்து எடுத்த படம். முதுகில் ஒவ்வொரு வயிற்றுக் கண்டத்திலும் நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். உற்றுப் பார்த்தால் அவை வெறும் நிறம் இல்லை. கடினமான சிறு திட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஒரு மயிர். முன் கண்டங்களில் முன்ஜோடி நெருங்கியும் பின்ஜோடி விலகியும் இருக்கும். கோடு போட்டு இணைத்தால் சரிவகம் வரும். எட்டாவது கண்டத்தில் மட்டும் நான்கும் பெரிதாகி, சம இடைவெளியில் நின்று, சதுரமாகிவிடும். மாமாவின் படத்தில் அந்தச் சதுரம் அச்சுக் குத்தியது போல இருந்தது. பகடைக்காயின் நான்காம் முகம்தான்.

தலை, சரிவகம், சதுரம் மூன்றும் ஒரே புழுவில் கூடி வந்தபோதுதான் பெயரை எழுதினோம்.

விலக்கியவை

முதலில் லிட்டுரா. அதன் உடலில் நீளவாக்கில் மஞ்சள் கோடுகளும், அவற்றை ஒட்டி இருபுறமும் முக்கோணக் கருந்திட்டுகளும் இருக்கும். அவற்றில் பெரியது முதல் வயிற்றுக் கண்டத்தில், மார்புக்குச் சற்றுப் பின்னால். கழுத்துப் பட்டை கட்டியது மாதிரி தோன்றும். நம் புழுவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கடைக்காரர் சொன்னதை மறுக்க இது ஒன்றே போதும்.

தண்டுத் துளைப்பானான கைலோ பார்ட்டெல்லஸில் குழப்பம் வரக் காரணம் புள்ளிகள். அதன் வெளிர் உடலிலும் கரும்புள்ளிகள் வரிசையாக உண்டு. சுருண்ட குருத்தைத் துளைப்பதால் இலை விரியும்போது ஓட்டைகள் வரிசைகட்டித் தெரியும். படைப்புழு தின்ற இலையிலும் அப்படி வரும். ஆனால் துளைப்பான் வளர வளரத் தண்டுக்குள் இறங்கிவிடும், நடுக்குருத்து காய்ந்து இழுத்தால் கையோடு வரும். மாமாவின் செடிகளில் குருத்து கந்தலாகியிருந்ததே தவிரக் காயவில்லை. அடியிலிருந்து படம் கிடைத்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம்: துளைப்பானின் போலிக்காலில் கொக்கிகள் வட்டமாக இருக்கும், படைப்புழு, லிட்டுரா, காய்ப்புழு முதலிய நாக்டுவிடே குடும்பத்தில் உட்புறம் மட்டும் அரைவட்டமாக இருக்கும்.

காய்ப்புழுவான ஹெலிகோவெர்ப்பா விருப்பமாகத் தின்பது கதிர்நுனியை. முழங்கால் உயரப் பயிரில் கதிரே இல்லை. அதன் உடலில் மயிர்கள் நிமிர்ந்து எளிதாகத் தெரியும், சதுரம் இருக்காது.

நிறத்தை நான் எங்குமே கணக்கில் எடுக்கவில்லை. படைப்புழு பச்சை, பழுப்பு, கிட்டத்தட்டக் கருப்பு என்று எந்த நிறத்திலும் வரும். நெருக்கமாக வளர்ந்தால் கறுக்கும். காய்ப்புழுவும் அப்படித்தான், பச்சை முதல் இளஞ்சிவப்பு வரை. கையேட்டுப் படத்தோடு நிறம் பொருந்துகிறது என்று மகிழ்ந்துவிடுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான வழுக்கல். இட அமைப்பு மாறாது: எந்தக் கண்டம், எத்தனை புள்ளி, எவ்வளவு இடைவெளி.

மித்திம்னா இந்த வழக்கில் எதிர்பாராமல் வந்தது. மாமா அனுப்பியவற்றில் ஒரு புழு மட்டும் மற்றவை போல இல்லை. உடல் நெடுக ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோடுகள், புள்ளிகள் மங்கல், எட்டாவது கண்டத்தில் சதுரம் இல்லை. தலையில் இரண்டு கரும்பட்டைகள் முதுகோடு முதுகு சாய்ந்த இரு அடைப்புக்குறிகள் போல வளைந்திருந்தன. அதுதான் கதிர்வெட்டும் புழு, நம் நாட்டிலேயே நெடுங்காலமாக இருப்பது. ஒரே காடு, ஒரே காலை, ஒரே வகைச் செடி, இனம் இரண்டு. ஒரு புழுவுக்குக் கண்ட பெயரைக் காடு முழுவதற்கும் ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

உறுதி செய்தது

ஒப்பீட்டுக்கு இந்திய நூல்களை விட்டு அமெரிக்கப் பக்கம் போனோம். அங்கே இந்தப் பூச்சிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவு உண்டு. ஜார்ஜியாவில் வாழ்ந்த ஜான் ஆபட் வரைந்த ஓவியங்களை வைத்து, ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1797-இல் வெளியிட்ட நூலில்தான் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. புழு, கூட்டுப்புழு, அந்து ஆகியவற்றைத் தாவரத்தோடு சேர்த்துக் காட்டும் ஓவியங்கள் அவை. புழுவைத் தனியாகவும் அந்தைத் தனியாகவும் பார்க்கிற பழக்கம் பிற்பாடு வந்தது. ஆபட்டின் முறைதான் சரி என்பது என் கருத்து.

அந்த முறையிலேயே மாமா வீட்டுத் திண்ணையில் புழுக்களை வளர்த்தோம். தனித்தனி டப்பா கட்டாயம், ஏனென்றால் இவை ஒன்றையொன்று தின்னும். தினம் புதுக் குருத்து, அடியில் ஈர மண். முழு வளர்ச்சியில் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் நீளம் வந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாயின. வெளிவந்த ஆண் அந்தின் முன்சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று இருந்தது. பெண் மங்கல் பழுப்பு. படத்தில் சொன்ன பெயரை அந்தே வந்து உறுதிப்படுத்தியது. ஒரு புழுவைக் கொதிநீரில் நொடி நேரம் முக்கி எடுத்து, எழுபது எண்பது விழுக்காடு ஆல்கஹாலில் சேமித்தோம். நேரடியாக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடும், புள்ளிகள் பார்க்கப் பயன்படாது.

மாமா பொறியில் இருந்த பழைய மணக்குப்பியைக் கழற்றி ஃப்ரூஜிபெர்டாவுக்கானதை மாட்டினார். அந்து விழத் தொடங்கியது.

சிறு புழுக்கள்

தீராமல் நிற்பது ஒன்று. மருந்தோ வேறு எந்த வழியோ, நன்றாக வேலை செய்வது புழு சிறிதாக இருக்கும்போதுதான். பெரிதானால் தன் எச்சத்தையே தலைக்கு மேல் அடைத்துக்கொண்டு குருத்துக்குள் பாதுகாப்பாக இருந்துவிடும். ஆனால் நான் மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் பெரிய புழுவுக்கு உரியவை. தோலுரித்துத் தோலுரித்து வளரும் படைப்புழுவுக்கு ஆறு நிலைகள். முதல் நிலையில் நீளம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, தலை கருப்பாக இருக்கும், கோடும் தெரியாது சதுரமும் தெரியாது. மூன்றாம் நிலையில், ஆறு மில்லிமீட்டரை ஒட்டி, கோடுகளும் புள்ளிகளும் தெளியத் தொடங்கும். மிகத் தேவையான நேரத்தில் படம் மிகக் குறைவாகவே பேசுகிறது.

அந்த வயதில் செடியைத்தான் படிக்க வேண்டும். குஞ்சுப் புழுக்கள் இலையின் ஒரு பக்கப் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்று, மறுபக்கத் தோலைக் கண்ணாடித் தாள் போல விட்டுவைக்கும். விதைத்த இரண்டாவது வாரத்திலிருந்தே அந்த வெளிர்ச் சன்னல்களைத் தேட வேண்டும். அவற்றை வைத்து இனம் சொல்ல முடியாது. ஆனால் இன்றே பிடித்து வளர்க்க வேண்டிய செடி எது என்று சொல்லும்.

அதே காட்டில் மாமா இலையோடு கிள்ளி அனுப்பிய கருந்தலைக் குஞ்சு ஒன்று உண்டு. உருப்பெருக்கியில் படம் நன்றாகவே வந்தது. இரண்டாம் முறை தோலுரிப்பதற்குள் அது இறந்துவிட்டது. மற்றவற்றுக்கெல்லாம் பதிவில் இனப்பெயர் எழுதியிருக்கிறோம். இதற்கு நாக்டுவிடே என்ற குடும்பப் பெயர் மட்டும்தான்.